வளைவில் மூக்கைத் தாழ்த்திய வண்டி

ஹுதா மூன்று வருஷமாக நாலாவதாக வந்துகொண்டிருந்தாள். பந்தயத்தில் நாலாம் இடத்தைப் போல ஒரு கொடுமை கிடையாது. கடைசியாக வருகிறவனுக்காவது தோளைத் தட்டி ஆறுதல் சொல்ல நாலு பேர் வருவார்கள். நாலாவதாக வருகிறவளிடம் எல்லாரும் நல்லாத்தான் ஓட்டினே என்று சொல்லிவிட்டு, கோப்பை கொடுக்கிற பக்கம் போய்விடுவார்கள்.

பந்தயம் என்றால் ரிமோட் கார் பந்தயம். புனேயை ஒட்டிய நிக்டியில் மூடிப்போன ஒரு கம்பெனியின் லாரி நிறுத்துமிடத்தை வாடகைக்கு எடுத்து, தார்த் தரையில் வெள்ளைக் குழாய்களை வளைத்து வளைத்துப் போட்டுத் தடம் அமைத்திருந்தார்கள். ஞாயிறுதோறும் அங்கே கூடுகிறவர்கள் யாரும் விளையாட்டுப் பிள்ளைகள் இல்லை. பாங்க் மேனேஜர், பல் டாக்டர், சொந்தமாக லேத் பட்டறை வைத்திருப்பவர் என்று எல்லாரும் வாரம் பூராவும் உழைத்துக் களைக்கிற ஆட்கள். வண்டி ஒரு முழங்கை நீளம்தான் இருக்கும். ஆனாலும் நிஜக் காரில் உள்ள ஸ்பிரிங், ஷாக் எல்லாம் அதில் உண்டு. ஷாக் என்பது சுண்டுவிரல் பருமனில் ஒரு குழாய். உள்ளே எண்ணெய். அந்த எண்ணெய்க்குள் ஏறி இறங்கும் ஒரு பிஸ்டன். எண்ணெய் கெட்டியா, லேசா என்பதைப் பொறுத்து வண்டி வளைவில் சொன்ன பேச்சைக் கேட்கும், அல்லது கேட்காது.

ஹுதாவின் வண்டி கேட்காத ரகம். நேர் தடத்தில் அம்பு மாதிரி போகும். தடத்தின் கோடியில் ஒரு கொண்டை ஊசி வளைவு இருந்தது. அங்கே வந்ததும் அவள் ரிமோட்டின் சக்கரத்தை முழுக்க ஒடித்தாலும், முன் சக்கரங்கள் திரும்பி நிற்க, வண்டி மட்டும் தன் பாட்டுக்கு நேராக வழுக்கிக்கொண்டு வெளிக் குழாயை உரசப் போகும். அந்த ஒரு வளைவில் அவள் ஒவ்வொரு சுற்றிலும் இழந்ததுதான் மூன்றாம் இடத்துக்கும் நாலாம் இடத்துக்கும் நடுவிலிருந்த தூரம்.

வருஷக் கடைசிப் பந்தயத்தில் முதல் மூன்று இடம் பிடிப்பவர்கள்தான் ஜனவரியில் ஹைதராபாத் போட்டிக்குக் கிளப்பின் அணியாகப் போவார்கள். போன இரண்டு தடவையும் ஹுதா ஹைதராபாத் போனாள், அணியில் இருந்தவர்களின் பேட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றிக் கொடுக்க. அங்கே ஓட்டுகிறவர்கள் நிற்பதற்கென்று ஆள் உயரத்துக்கு ஒரு மேடை உண்டு. கீழே நின்று அதை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். இந்த வருஷம் போனால் அந்த மேடையில் ஏறத்தான் போவது, இல்லாவிட்டால் டிக்கெட்டே எடுப்பதில்லை என்று முடிவு கட்டியிருந்தாள்.

மகர்பட்டாவில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் அவளுக்கு டெஸ்டிங் வேலை. அடுத்தவர் செய்த புரோகிராமில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று தேடித் தேடிக் கண்டுபிடிப்பது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றிப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடு என்பது அங்கே அவள் கற்ற பாடம். வண்டியையும் அப்படித்தான் அணுகினாள். ஆனால் முதல் அடியிலேயே வழி பிசகிவிட்டது. கிளப்பில் வேகமான ஆள் ஷ்ரேயஸ். நிக்டியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன், தமிழ் பேசினால் பாதி ஹிந்தியாக வரும். வளைவில் உன் வண்டி முன்பக்கம் ரொம்பச் சாய்கிறது, முன் ஷாக்கில் எண்ணெயைக் கெட்டியாக்கு என்று முதல் வருஷமே அவன் யோசனை சொன்னான். நல்ல மனசோடு சொன்னதுதான். அவனுடைய கனமான வண்டிக்கு அது சரியாகவும் இருந்தது. ஹுதா கெட்டியாக்கினாள். வண்டி திரும்பவில்லை. இன்னும் போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் கெட்டியாக்கினாள். இப்படியே மூன்று வருஷம்.

கடைசிப் பந்தயத்துக்கு முந்தின சனிக்கிழமை, முன் ஷாக் இரண்டும் கசிய ஆரம்பித்தன. அவற்றைக் கழற்றி ரப்பர் வளையங்களை மாற்றும் வேலையைத் தம்பி ஹாரிஸிடம் கொடுத்துவிட்டு ஹுதா உம்மாவோடு ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்விட்டாள். ஹாரிஸ் அவளைவிட இரண்டு வயது இளையவன். பிம்ப்ரியில் வாப்பா பாட்சாவின் பாத்ரூம் சாமான் கடையை அவன்தான் பார்த்துக்கொள்கிறான். குழாய், வாஷர், கசிவு என்றால் அவனுக்குக் கை தானாகப் போகும். வளையங்களை அழகாகத்தான் மாற்றினான். எண்ணெய் ஊற்றப் போகும்போதுதான் தெரிந்தது, ஷாக்குக்கென்று வாங்கி வைத்திருந்த சிலிக்கான் எண்ணெய்ப் பாட்டிலை முந்தின வாரம் சரியாக மூடாமல் வைத்தவன் அவனே என்று. பையின் அடியெல்லாம் பிசுபிசுப்பு, பாட்டிலில் ஒரு சொட்டு இல்லை. விற்கிற கடை நகரத்துக்குள் இருந்தது, அதுவும் அன்று மூடியிருந்தது.

ஹாரிஸ் அடுக்களைக்குள் எட்டிப் பார்த்தான். பாளையங்கோட்டையிலிருந்து மாமி கொடுத்தனுப்பிய செக்குத் தேங்காய் எண்ணெய், கண்ணாடி மாதிரி தெளிவாக, ஜன்னலோரம் வெயிலில் நின்றது. எண்ணெய் என்றால் எண்ணெய்தானே என்று நினைத்தான். இரண்டு ஷாக்கிலும் ஊற்றி, மூடி, துடைத்து வைத்துவிட்டான்.

கல்யாண வீட்டிலிருந்து திரும்பிய ஹுதா, பட்டுச் சேலையோடேயே வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் கோடவுன் முற்றத்துக்குப் போனாள். நல்ல வெயில் நேரம். நாலு காலிப் பெயிண்ட் டப்பாக்களை வைத்துத் திருப்பங்கள் அமைத்து ஓட்டினாள். முதல் திருப்பத்திலேயே அவள் வாய் திறந்தபடி நின்றது. வண்டி மூக்கை லேசாகத் தாழ்த்தி, டப்பாவை முகர்வது போல ஒட்டிக்கொண்டு திரும்பியது. மறுபடி ஓட்டினாள். மறுபடியும் அதே. புது ரப்பர் வளையத்துக்கு இவ்வளவு மகிமையா என்று தம்பியின் முதுகில் ஒன்று வைத்தாள். ராத்திரி அவனுக்குப் பிரியாணி தன் செலவு என்றாள்.

ஹாரிஸ் சொல்லியிருக்கலாம். ஆனால் மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அக்காள் சிரித்துக்கொண்டே ரிமோட்டைக் கீழே வைக்கிறாள். அந்த நேரத்தில் போய் தேங்காய் எண்ணெய்க் கதையை ஏன் எடுக்க வேண்டும் என்று விட்டுவிட்டான். பிரியாணியும் நன்றாக இருந்தது.

ஞாயிறு காலை புனேயின் டிசம்பர் குளிர் எலும்பைத் தொட்டது. ஹுதா ஸ்கூட்டர் ஓட்ட, ஹாரிஸ் பின்னால் உட்கார்ந்து வண்டியை மடியில் பிடித்துக்கொண்டு வந்தான். பிம்ப்ரியிலிருந்து நிக்டி வரை எதிர்க்காற்று. காதை மூடியிருந்தும் காது வலித்தது. வண்டிக்குக் காது இல்லை; ஆனால் முன்பக்கம் இரண்டு ஷாக் இருந்தது.

காலையில் தகுதிச் சுற்று. அதில் எடுக்கிற நேரத்தை வைத்துத்தான் இறுதிப் பந்தயத்தில் யார் முன்னால், யார் பின்னால் நிற்பது என்று முடிவாகும். ஹுதா நேர் தடத்தில் முழு வேகத்தில் விட்டாள். நேற்றைய நம்பிக்கையில் பிரேக்கைத் தாமதமாகவே தொட்டாள். கொண்டை ஊசி வளைவு வந்தது. வண்டி திரும்பவே இல்லை. சறுக்குமரத்தில் விட்டது போல நேராகப் போய்க் குழாயில் முட்டி மல்லாந்தது. அடுத்த சுற்றில் தரையின் சின்னச் சின்ன மேடுகளில்கூட முன்பக்கம் தவளை போலத் துள்ளியது. முடிந்தபோது எட்டு வண்டிகளில் எட்டாவது. இறுதிப் பந்தயத்தில் கடைசி வரிசை.

ஷ்ரேயஸ் அவள் மேசைப் பக்கம் வந்து, "க்யா ஹுவா, டிராக்டரை எடுத்துட்டு வந்துட்டியா?" என்றான். ஹுதா வண்டியை மேசையில் வைத்து, முதலில் பின்பக்கத்தை உள்ளங்கையால் அமுக்கினாள். மெத்தென்று இறங்கி ஏறியது. முன்பக்கத்தை அமுக்கினாள். அசையவில்லை. பலமாக அமுக்கினாள். கல்லில் கை வைத்தது போல இருந்தது. ஸ்பிரிங் சரி, திருகுகள் சரி, வளைந்த பாகம் எதுவும் இல்லை. மிச்சம் இருப்பது ஷாக்குக்குள் இருக்கிற சமாச்சாரம் ஒன்றுதான். அவள் நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள். ஹாரிஸ் ரோட்டுப் பக்கம் எதையோ கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏல, இதுக்குள்ள என்னத்தல ஊத்துன?"

"எண்ணெய்தான் லாத்தா."

"என்ன எண்ணெய்?"

"உம்மா தலைக்குத் தேய்க்கிற எண்ணெய்."

ஹுதா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். குளிர்காலம் வந்தால் காலையில் தலைவாருமுன் எண்ணெய்ப் பாட்டிலை அடுப்புப் பக்கம் வைத்து உருக்கித்தான் ஊற்ற வேண்டும் என்பது அந்த வீட்டில் நடக்கப் பழகின பிள்ளைக்குக்கூடத் தெரியும். அந்த வீட்டில் இருபத்தைந்து குளிர்காலம் பார்த்தவன் எதிரே நிற்கிறான்.

"ஏசுறதுன்னா ஏசிரு லாத்தா. சும்மா பாத்துக்கிட்டே நிக்காத, பயமா இருக்கு."

அவள் ஏசத்தான் வாயெடுத்தாள். ஏதோ ஒன்று தடுத்தது. நேற்று முற்றத்தில் பெயிண்ட் டப்பாவை முகர்ந்துகொண்டு திரும்பிய வண்டி கண்முன்னால் வந்தது. அப்போதும் இதே எண்ணெய்தான் உள்ளே இருந்தது, உருகின நிலையில். ரப்பர் வளையம் ஒன்றும் செய்யவில்லை. உருகின தேங்காய் எண்ணெய், அவள் இத்தனை நாள் ஊற்றிய சிலிக்கான் எண்ணெய்க்கு முன்னால் தண்ணீர் மாதிரி. நேற்று தண்ணீர் மாதிரி இருந்தது, வண்டி திரும்பியது. இன்று கல்லாகிவிட்டது, திரும்பவில்லை. வேறு எதுவும் மாறவில்லை. மூன்று வருஷமாக அவள் நடத்தியிருக்க வேண்டிய பரிசோதனையை இந்த மடையன் ஒரே ராத்திரியில் இரண்டு கோடிக்கும் போய் நடத்தி முடித்திருக்கிறான்.

பிரேக் பிடித்ததும் வண்டியின் எடை முன்னால் வர வேண்டும். மூக்கு குனிந்தால்தான் முன் டயர் தரையைக் கடிக்கும், கடித்தால்தான் திரும்பும். கெட்டி எண்ணெய் மூக்கைக் குனியவே விடவில்லை. அது குனிவதற்குள் வளைவு கடந்துபோய்விடுகிறது. அவளோ ஒவ்வொரு தடவையும் இன்னும் கெட்டியாக்கிக்கொண்டே போயிருக்கிறாள்.

சிரிப்பு வந்துவிட்டது. அது ஹாரிஸை இன்னும் பயமுறுத்தியது.

இறுதிப் பந்தயத்துக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. உறைந்த எண்ணெய் ஷாக்கை விட்டு வெளியே வரவும் மறுத்தது. ஹாரிஸ் வாசலில் இருந்த டப்ரி டீக்கடைக்கு ஓடி, இரண்டு கட்டிங் சாய் கொதிக்கக் கொதிக்க வாங்கி வந்தான். ஷாக்குகளைத் தனித்தனியாகப் பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சிட்டு, ஒவ்வொன்றையும் ஒரு கிளாஸ் டீக்குள் இறக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் எண்ணெய் இளகியது. கவிழ்த்து வடித்தபோது அந்த மேசையைச் சுற்றி அப்போதுதான் தலைக்குக் குளித்த வீடு மாதிரி மணத்தது. பக்கத்து மேசைக்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

இனி எதை ஊற்றுவது? கிளப்பை நடத்துகிற கோகுல்நாத்திடம் போனாள் ஹுதா. கோயமுத்தூர்க்காரர், பல வருஷமாகப் புனேயில் இருந்தும் பேச்சில் ஊர் மாறாத ஆள். எல்லாருக்கும் உதிரி சாமான் கொடுக்கிற பெரிய டப்பா ஒன்று அவரிடம் இருந்தது. இருக்கிறதிலேயே லேசான எண்ணெய் எது என்று கேட்டாள். புது வண்டி வாங்கினால் அட்டைப்பெட்டியோடு ஓசியில் ஒரு சின்னப் பாட்டில் வருமே, எல்லாரும் தூக்கிப் போடுவார்களே, அது ஒன்று அடியில் கிடந்தது.

"ஏம்மா, இதையா முன்னாடி ஊத்தப் போற? வண்டி தொட்டிலாட்டம் ஆடுமே."

"ஆடட்டும் அண்ணே."

அங்கே பேட்டரி மாற்றிக்கொண்டிருந்த ஷ்ரேயஸ், இவ்வளவு பத்லா, இவ்வளவு லேசான எண்ணெய் யாருமே போட மாட்டார்கள், வேண்டுமானால் தன் பாட்டிலை எடுத்துக்கொள், அது நல்ல கெட்டி என்று நீட்டினான். ஹுதா நன்றி சொல்லிவிட்டு ஓசிப் பாட்டிலோடு திரும்பினாள்.

ஊற்றியதும் உடனே மூடிவிட முடியாது. உள்ளே காற்றுக் குமிழி இருக்கும். பிஸ்டனை மெல்ல மெல்ல ஏற்றி இறக்கி, நகத்தால் குழாயைத் தட்டி, குமிழி ஒவ்வொன்றாக மேலே வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்தப் பக்கம் முந்தின பந்தயம் முடியும் நேரம். ஹாரிஸுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஸ்பிரிங்கையும் மாற்றிவிடுவோம், பின்பக்கத்தை இன்னும் கொஞ்சம் உயர்த்துவோம், டயரையும் ஒரு தடவை என்று அடுக்கிக்கொண்டே போனான். ஹுதா அவன் கையிலிருந்த திருப்புளியை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். எண்ணெய் ஒன்றைத் தவிர இன்று எதிலும் யாரும் கை வைக்கக் கூடாது என்றாள். ஓட்டிப் பார்க்க நேரம் இல்லை என்பது அவளுக்கும் தெரிந்தேயிருந்தது. ஹைதராபாத் மேடையும் அதன் மர ஏணியும் ஒரு கணம் நினைவில் வந்து போயின.

எட்டு வண்டிகளும் வரிசையில் நின்றன. அபினவ் என்ற பல் டாக்டர் முதல் இடம், ஷ்ரேயஸ் இரண்டாவது. ஹுதா கடைசி. கோகுல்நாத் மைக்கில் எண்ணி முடித்ததும் எல்லாம் ஒன்றாகச் சீறின. முதல் வளைவிலேயே இரண்டு வண்டிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் புரண்டன. ஹுதா ஒதுங்கிப் போனாள். கொண்டை ஊசி வளைவு எதிரே வந்தது. பிரேக்கைத் தொட்டாள்.

மூக்கு தாழ்ந்தது. தூரத்திலிருந்தே அவளுக்குத் தெரிந்தது, வண்டி ஒரு கணம் தலைகுனிந்து தரையைப் பார்ப்பது. ரிமோட் சக்கரத்தை ஒடித்தாள். உள் குழாயை ஒட்டி, விரல் நுழைய இடமில்லாமல் திரும்பி வெளியே வந்தது. அகலமாகப் போன ஒரு வண்டி அந்த ஒரே வளைவில் அவளுக்குப் பின்னால் போயிற்று.

கோகுல்நாத் சொன்னதும் பொய்யில்லை. நீளமான இடது வளைவில் வண்டி தொட்டில் மாதிரிதான் ஆடியது. வெடுக்கென்று திருப்பினால் ஒரு பக்கமாகச் சரிந்தது. அடுத்த சுற்றில் கையை மெதுவாக்கினாள், பால் தளும்பாமல் தூக்கிக்கொண்டு போவது போல. சரிவு நின்றது. முந்தைய மூன்று வருஷமும் வண்டியைத் திருப்ப அவள் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. இப்போது சொன்னால் போதும் என்றிருந்தது.

ஒவ்வொரு சுற்றிலும் அதே வளைவில் ஒரு வண்டியை நெருங்கினாள். பாங்க் மேனேஜர் அவள் வருவதைப் பார்த்து உள்பக்கத்தை அடைக்கப் போய், தானே குழாயில் மோதினார். நாலாவது இடம் வந்தது. அந்த இடம் அவளுக்கு நன்றாகப் பழக்கமான இடம். இங்கேதான் அவள் வண்டி எப்போதும் நின்றுவிடும். முன்னால் லேத் பட்டறைக்காரரின் சிவப்பு வண்டி. நேர் தடத்தில் அது வேகம். ஆனால் வளைவுக்கு வெகு முன்பே பிரேக் பிடித்தது. ஹுதா பிடிக்கவில்லை. இன்னும் பிடிக்கவில்லை. வேலிக்கு வெளியே ஹாரிஸ் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு தொட்டாள். மூக்கு குனிந்தது, டயர் கடித்தது, சிவப்பு வண்டிக்கும் உள் குழாய்க்கும் நடுவில் இருந்த சந்துக்குள் புகுந்து வெளியே வந்தபோது அவள் மூன்றாவது.

அவ்வளவோடு நின்றிருக்கலாம். மூன்றாம் இடம் போதும். ஆனால் கை நிற்கவில்லை. கடைசிக்கு முந்தின சுற்றில் ஷ்ரேயஸின் பின்னால் ஒட்டிவிட்டாள். பக்கத்தில் நின்று ஓட்டிக்கொண்டிருந்த ஷ்ரேயஸ் பல்லைக் கடிப்பது கேட்டது. அவன் வண்டி வளைவில் அரையடி அகலமாகப் போனது. எப்போதும் போகிற அரையடிதான். அதைப் பயன்படுத்த இதுவரை பின்னால் யாரும் இருந்ததில்லை. ஹுதாவின் வண்டி உள்ளே வந்தது. இரண்டும் ஒரு நொடி பக்கம் பக்கமாக ஓடின. பிறகு அவளுடையது முன்னால் இருந்தது. அபினவின் வண்டிக்கு ஒரு வண்டி நீளம் பின்னால், இரண்டாவதாகக் கோட்டைத் தாண்டினாள்.

ரிமோட்டை இறக்கினாள். ஹாரிஸ் வேலியைத் தாண்டி ஓடி வந்து, தடத்துக்குள் ஆள் வரக் கூடாது என்று மைக்கில் கோகுல்நாத் கத்துவதைக் காதில் வாங்காமல் அவளைத் தூக்கிவிட்டான்.

"இறக்கி விடுல, மானம் போகுது."

"போகட்டும் லாத்தா. ஹைதராபாத்துக்கு நான்தான் சார்ஜ் போடுவேன், இப்பவே சொல்லிட்டேன்."

ஷ்ரேயஸ் மூன்றாவது. அவனுக்கும் அணியில் இடம் உண்டு, அதனால் முகம் சீக்கிரம் தெளிந்துவிட்டது. அந்த ஓசிப் பாட்டிலில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்குமா என்று ஹுதாவிடம் கேட்டான். உன் கனத்த வண்டிக்கு அது சரிவராது, ஒவ்வொரு படியாக லேசாக்கிப் பார் என்றாள் அவள். ஷ்ரேயஸ் தலையைச் சொறிந்துகொண்டு, "முதல் வருஷம் நான் உனக்கு உல்டா சொன்னேன், இல்ல?" என்று கேட்டான். ஆமாம் என்றாள். அவன் மன்னிப்பாகத் தன் காதைத் தானே பிடித்துக்கொண்டான்.

கொண்டாட அதற்குமேல் நேரம் கொடுக்கவில்லை. பந்தயம் ஓட்டி முடித்தவர்கள் அடுத்த பந்தயத்துக்கு ஆரஞ்சு கோட்டு மாட்டிக்கொண்டு, வளைவுக்கு ஒருவராக நின்று, கவிழ்ந்த வண்டிகளைத் தூக்கி நிமிர்த்திவிட வேண்டும். ஜெயித்தவருக்கும் இதிலிருந்து விலக்கு கிடையாது. ஹுதாவுக்குக் கொண்டை ஊசி வளைவு கிடைத்தது. புதிதாகச் சேர்ந்தவர்களின் பந்தயம் அது. முதல் சுற்றிலேயே ஒரு பச்சை வண்டி நேராக வந்து அவள் காலடியில் மோதி மல்லாந்தது. குனிந்து தூக்கினாள். மைக்கில் கோகுல்நாத் ஹைதராபாத் அணியை வாசிக்க ஆரம்பித்திருந்தார். அபினவ் பெயருக்குப் பிறகு அவள் பெயர் அந்தத் திடல் முழுக்கக் கேட்டபோது, அவள் கையில் யாரோ ஒருவருடைய வண்டி நாலு சக்கரமும் சுற்ற உறுமிக்கொண்டிருந்தது. அதைத் தடத்தில் நேராக வைத்துவிட்டு அடுத்ததற்காகக் குனிந்தாள்.